அத்தியாயம் 9: பேக்கப் சர்வர் விழுந்தால் யார் போன் செய்வார்கள்?

அலுவலகத்தில் இன்டர்நெட் நின்றால் அரை நிமிடத்தில் உங்களுக்குப் போன் வரும். பிரிண்டர் மக்கர் செய்தால் ஆளே நேரில் வந்து நிற்பார். பில் போடும் சாஃப்ட்வேர் தொங்கினால், கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்பவர் வரைக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். பேக்கப் சர்வர் நின்றுபோனால் மட்டும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதற்கு வாடிக்கையாளர் கிடையாது. வேறு ஏதோ ஒன்று எரிந்தோ, நனைந்தோ, ரான்சம்வேரில் பூட்டிக்கொண்டோ போன பிறகுதான் அதைத் தேடி ஆள் வரும்.

சேவை மறுப்பு என்று தமிழில் சொல்கிற 'டினயல் ஆஃப் சர்வீஸ்' வகை ஓட்டை பாதுகாப்பு அறிக்கையில் வந்தால், பலர் ஆசுவாசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "டேட்டா போகாது சார், சர்வீஸ்தான் விழும், ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள். கடவுச்சொல் இல்லாமல், நெட்வொர்க் வழியாகவே ஒரு சேவையை விழவைக்க முடிகிற ஓட்டைக்கு, தீவிரத்தை அளக்கும் சிவிஎஸ்எஸ் கணக்கில் பத்துக்கு 7.5 மதிப்பெண். உள்ளே புகுந்து தன் விருப்பப்படி நிரலை ஓடவிட முடிகிற ஓட்டைக்கு 9.8. பேட்ச் போட நேரமில்லாதவர்கள் 9.8-ஐ முதலில் பார்த்துவிட்டு 7.5-ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். வெப்சைட் சர்வருக்கு இந்த வரிசை பொருந்தும். பேக்கப் சாஃப்ட்வேருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. விழுந்தது தெரியாத சேவையை யார் ரீஸ்டார்ட் செய்வது?

ஓட்டை எப்படி இருக்கும்

நிறுவன அளவிலான பேக்கப் சாஃப்ட்வேர் ஒற்றை நிரல் இல்லை. எப்போது, எதை, எங்கே நகலெடுப்பது என்று முடிவுசெய்யும் தலைமை சர்வர் ஒன்று. டிஸ்க்கிலோ டேப்பிலோ எழுதும் சேவை ஒன்று. இவை போக, காக்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஏஜென்ட். இத்தனை பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். அந்தப் போர்ட்டுக்கு வந்து சேரும் செய்தி கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று எழுதியவர் யோசிக்காமல் விட்ட இடம்தான் ஓட்டை.

மூன்று உதாரணம் போதும். 2005-இல் லெகாட்டோ நெட்வொர்க்கர் என்ற பேக்கப் சாஃப்ட்வேரில் ஒன்று வெளியானது. அதில் போர்ட்மேப்பர் என்றொரு பகுதி உண்டு. இன்ன சேவை இன்ன போர்ட்டில் இருக்கிறது என்று வழிசொல்லும் வேலை அதற்கு. 'இந்தச் சேவையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு' என்ற கட்டளையை யார் அனுப்புகிறார்கள் என்று அது கேட்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், அது எடுத்துவிடும். கடை திறந்திருக்கிறது, கடைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார், தெருமுனையில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே எதுவும் கிராஷ் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

2007-இல் பிரைட்ஸ்டோர் ஆர்க்சர்வ் பேக்கப்பில் வந்தது வேறு ரகம். அதன் ஆர்பிசி சேவைக்குத் திட்டமிட்டுக் கெடுத்த ஒரு கோரிக்கையை அனுப்பினால், நிரல் ஒன்றுமில்லாத நினைவக முகவரியைத் தொடப் போய் அங்கேயே விழுந்துவிடும். நிரலாளர்கள் இதை நல் பாயின்டர் பிழை என்பார்கள். 17 வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அதே ஆர்க்சர்வ் வம்சத்தைச் சேர்ந்த யுடிபி என்ற மென்பொருளின் 8.1, 9.2 பதிப்புகளில் மூன்று ஓட்டைகளை டெனபிள் நிறுவனம் வெளியிட்டது. ஒன்று கடவுச்சொல் சோதனையைத் தாண்டிப்போக உதவுவது. இன்னொன்று கோப்பை விரும்பிய இடத்தில் கொண்டு வைக்க உதவுவது. மூன்றாவது, சிவிஇ-2024-0801 என்ற எண் கொண்டது, ஏஎஸ்நேட்டிவ் என்ற டிஎல்எல் கோப்பில் இருந்த சேவை மறுப்பு ஓட்டை. செய்திகளில் முதல் இரண்டும்தான் பேசப்பட்டன. மூன்றாவது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி.

இந்த மூன்று பொருள்களும் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. எல்லா பேக்கப் சாஃப்ட்வேருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. உங்கள் சாஃப்ட்வேரின் பட்டியல் எங்கே வெளியாகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போர்ட் பிளேரில் ஓர் அலுவலகம். 2024 செப்டம்பரிலிருந்து ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஆனால் வாய்க்குப் பழகியது பழைய பெயர்தான். பணம் கட்டி ரசீது வாங்கும் கவுண்டர்கள் நாலு. ஒரு திங்கட்கிழமை காலை ரசீது வரவில்லை. திரையில் 9002 என்ற பிழை எண். எஸ்கியூஎல் சர்வரோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த எண்தான்: பரிவர்த்தனை லாக் கோப்பு நிரம்பிவிட்டது, இனி எழுத இடமில்லை. டி டிரைவைத் திறந்தால் மிச்சம் பூஜ்யம்.

லாக் ஏன் நிரம்பியது? முழு மீட்பு முறையில் வைத்திருக்கும் டேட்டாபேஸில், லாக் பேக்கப் எடுத்தால்தான் பழைய பகுதி காலியாகி மறுபடி பயன்படும். பேக்கப் எடுக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். பேக்கப் ஃபோல்டரைத் திறந்து தேதி வாரியாக அடுக்கினோம். கடைசிக் கோப்பின் தேதி 19 நாள் பழையது, ஒரு புதன்கிழமை.

கூட இருந்த பையன் நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டான்: "அண்ணே, ஃபெயிலியர் மெயில் ஒண்ணுகூட வரலையே?"

வராது. தோல்வி ஏற்பட்டால் மெயில் அனுப்பு என்று அமைத்திருந்தது அந்த பேக்கப் சேவைக்குள்ளேயேதான். செத்தவன் தன் சாவுக்குத் தந்தி அடிக்க முடியுமா?

ஈவென்ட் வியூவரில் அந்தப் புதன்கிழமையைத் தேடினோம். 7034 என்ற எண்ணில் ஒரே ஒரு வரி. பேக்கப் ஏஜென்ட் சேவை எதிர்பாராமல் நின்றது என்று. பகல் 11 மணி சொச்சம். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தபோதுதான் சிரிப்பதா அழுவதா என்று ஆனது. பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்திருந்த குழு, நெட்வொர்க்கில் எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று ஸ்கேனரை ஓடவிட்ட நேரம் அது. ஸ்கேனர் ஒவ்வொரு போர்ட்டையும் தட்டி 'நீ யார்' என்று பல விதமாகக் கேட்கும். அந்தக் கேள்விகளில் ஒன்று ஏஜென்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுருண்டு விழுந்துவிட்டது. தாக்கியவர் என்று யாருமே கிடையாது. தணிக்கை அறிக்கையில் எல்லாம் நலம் என்றே இருந்தது.

அன்றைக்கு நடக்கவிருந்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். "லாக் ஃபைலை டெலீட் பண்ணிடலாம்" என்று ஒருவர் மௌஸைக் கையில் எடுத்துவிட்டார். அழித்திருந்தால் டேட்டாபேஸே திறக்காமல் போயிருக்கும், பேக்கப்போ 19 நாள் பழையது. யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டி, அதற்கு லாக் பேக்கப் எடுத்து, உள்ளே இடம் காலியான பிறகு கவுண்டரைத் திறந்தோம். மதியம் ஆகிவிட்டது. ஆரக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதே கதை வேறு எண்ணில் நடக்கும்: ஆர்க்கைவ் லாக் இடம் நிரம்பினால் 00257 என்று சொல்லிவிட்டுப் புதிதாக வருபவரை உள்ளே விடாது. வர்ச்சுவல் மெஷின்களில் பேக்கப் பாதியில் செத்தால், அது எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் அநாதையாக நின்று டேட்டாஸ்டோரைத் தின்றுகொண்டிருக்கும். பேக்கப் மட்டும்தானே விழுந்தது என்று சொல்லும்போது இந்த மூன்றும் ஞாபகம் வரட்டும். கொஞ்ச நாள் கழித்து அது காக்க வந்த சர்வரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இதைவிடச் சத்தமில்லாத ஒன்று உண்டு. '14 நாளைக்கு மேற்பட்ட பேக்கப்பை அழித்துவிடு' என்று தனியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். நகலெடுக்கும் சேவை நின்றுவிட்டது, அழிக்கும் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை என்றால், பதினைந்தாம் நாள் ஃபோல்டர் துடைத்த மாதிரி இருக்கும். இன்றே போய் அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள். நாள் கணக்கோடு, 'குறைந்தது ஐந்து நகலாவது எப்போதும் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

தீவில் இருப்பவர்களுக்கு

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வரும் கடலடி கேபிள் திறந்து வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய், பிஎஸ்என்எல் செய்த வேலை. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கமோர்ட்டா, கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் எல்லாம் அதில் இணைந்தன. அதற்கு முன்பு சாட்டிலைட்டை நம்பி இருந்த காலத்தில், மெயிலில் ஒரு போட்டோ ஏறுவதற்குள் டீ ஆறிவிடும். கேபிள் வந்த பிறகு பலரும் இரண்டாவது நகலை மெயின்லேண்டுக்கு, பெரும்பாலும் சென்னைக்கு, அனுப்ப ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு தைரியமும் வந்துவிட்டது: 'சென்னையில காப்பி இருக்கு'.

அந்தக் காப்பியைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? 2 டெராபைட் டேட்டா, நொடிக்கு 10 மெகாபிட் தடையில்லாமல் கிடைக்கும் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டரை நாள். 100 மெகாபிட் என்றால் ஏறத்தாழ இரண்டு நாள். சென்னையிலிருந்து கப்பல் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்துக்கு வர மூன்று நாள் ஆகும். ஆக, 10 மெகாபிட் லைன் வைத்திருப்பவர் ஹார்டு டிஸ்க்கைத் தெரிந்தவர் ஒருவரின் பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பச் சொன்னால் இரண்டு வாரம் மிச்சம். விமானத்தில் என்றால் அன்றைக்கே. மழைக்காலத்தில் கப்பலும் விமானமும் தள்ளிப்போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே உள்ளூர் பேக்கப் சர்வர் விழுந்து கிடப்பது சென்னையில் விழுந்து கிடப்பதைவிடப் பெரிய சேதம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அங்கே ஸ்பேர் டிஸ்க் வேண்டுமென்றால் ரிச்சி தெருவுக்கு ஓடலாம், சப்போர்ட் ஆள் சாயங்காலம் வருவார். இங்கே எது வேண்டுமென்றாலும் முதலில் கடலைத் தாண்ட வேண்டும்.

பேக்கப் கைகொடுத்ததற்கும் கைவிட்டதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. புற நோயாளிச் சீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை பேப்பரில் எழுதினார்கள். கடைசியில் இ-ஹாஸ்பிடல் டேட்டா திரும்பக் கிடைத்தது, தாக்குதல் தொடாமல் விட்ட ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. மறு வருடம், 2023 ஆகஸ்ட் 26 அன்று, இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை அதேபோல் பூட்டப்பட்டது. சிஸ்டத்தை 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17-இலிருந்து அன்று வரைக்குமான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு உருப்படியான பேக்கப் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிப்பிகாட்டில் நிலம் தாழ்ந்து கடல் நீர் வயலுக்குள் வந்து நின்றதை இன்றும் பார்க்கலாம். பேக்கப் டிஸ்க்கை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் வைப்பது என்று யோசிக்கும்போது அந்த இடத்தை ஒருமுறை மனதில் கொண்டுவந்தால் போதும்.

கதவுகளை எண்ணுங்கள்

பேக்கப் சர்வரிலும் ஏஜென்ட் இருக்கும் சர்வர்களிலும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, எந்தெந்தப் போர்ட் காத்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆர்க்சர்வ் யுடிபி என்றால் 8014, 8015. நெட்வொர்க்கர் என்றால் 7937, 7938. பேக்கப் எக்ஸெக் ஏஜென்ட் என்றால் 10000. வீம் என்றால் 9392, 9401 இரண்டையும் தேடுங்கள். பிறகு அந்தந்த எண்ணுக்கு எதிரே, இதோடு பேச உரிமை உள்ள கணினி எது என்று எழுதுங்கள். ஏஜென்ட்டோடு பேச பேக்கப் சர்வர் ஒன்றுக்குத்தான் வேலை. கன்சோலோடு பேச உங்கள் கணினி ஒன்றுக்குத்தான். அந்த முகவரிகளைத் தவிர மற்ற அத்தனைக்கும் ஃபயர்வாலில் கதவை மூடிவிடுங்கள். பேட்ச் இன்னும் வராத ஓட்டைக்கும் இதுவே மருந்து. கோணல் செய்தியை அனுப்ப நினைப்பவர் கதவு வரைக்கும் வரவே முடியாது.

சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை, பயோமெட்ரிக் கருவி எல்லாம் ஒரே சுவிட்சில் பேக்கப் சர்வரோடு சேர்ந்து இருக்கும் அலுவலகங்களே அதிகம். தனி விலானில் பிரித்து வையுங்கள். பேக்கப் சர்வரை அலுவலக டொமைனிலும் சேர்க்க வேண்டாம். டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல் போனால் கடைசிக் கோட்டையும் போய்விடும்.

நமக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. சப்போர்ட் நிறுவனம் மெயின்லேண்டில் இருக்கும். "சார், அந்தப் போர்ட்டை வெளியில திறந்து விடுங்க, நாங்க இங்கிருந்தே பார்த்துக்கிறோம்" என்பார்கள். ரவுட்டரில் திறந்துவிடுவோம், மூட மறந்துவிடுவோம். பேக்கப் எக்ஸெக் ஏஜென்டின் ஓட்டைகளுக்கு 2021 மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில், பிளாக்கேட் ரான்சம்வேர் கும்பலின் கூட்டாளிகள் அந்த ஓட்டைகள் வழியாகவே நுழைகிறார்கள் என்று மான்டியன்ட் நிறுவனம் எச்சரித்தது. அப்போது இன்டர்நெட்டுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்த முகவரிகள் 8,500-க்கும் மேல். வெளியாள் உள்ளே வர வேண்டுமென்றால் விபிஎன், அதுவும் வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும்.

தணிக்கைக்காரர்கள் வரும்போது, ஸ்கேன் ஓடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். முடிந்ததும் ஒவ்வொரு சர்வரிலும் பேக்கப் சேவை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சோதனை பேக்கப் எடுத்த பிறகே அவர்களை டீ குடிக்க அழைத்துப் போங்கள்.

மௌனத்துக்கு மணி

தோல்வி மெயிலை நம்பாதீர்கள். நலமாக இருந்தால் தினமும் ஒரு செய்தி வர வேண்டும், வராத நாள் ஆபத்து நாள், என்று தலைகீழாக மாற்றுங்கள்.

இதற்குப் பழைய கணினி ஒன்று போதும். பேக்கப் சாஃப்ட்வேரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தனியாக நிற்கட்டும். பேக்கப் போய்ச் சேரும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள், எழுதவோ அழிக்கவோ வேண்டாம். காலை 8 மணிக்கு அது இரண்டு விஷயம் பார்க்கட்டும். கடைசிக் கோப்பு 26 மணி நேரத்துக்குள் எழுதப்பட்டதா? அதன் அளவு கடந்த வாரத்துச் சராசரியில் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? பார்த்துவிட்டு உங்கள் போனுக்கு ஒரு வரி அனுப்பட்டும். கன்சோலில் பச்சை விளக்கு எரிகிறதா என்று அது பார்க்கவே வேண்டாம். பெயர்ப்பலகை கழன்ற கடையிலும் பச்சை விளக்கு எரியும்.

தினமும் வரும் செய்தியைப் பத்து நாளில் கண் பார்க்காமல் தள்ளிவிடப் பழகிவிடும், உண்மைதான். அதனால் ஒரு பதிவேடு வையுங்கள். தேதி, கடைசிக் கோப்பின் நேரம், அளவு, கையெழுத்து என நாலு கட்டம். நம் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் வந்து எத்தனை வருடமானாலும் ரெஜிஸ்டர் போகவில்லை. இந்த ஒரு காரியத்துக்கு அது நல்லதாகப் போயிற்று. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி கண்ணில் படும்.

விண்டோஸில் பேக்கப் சேவையின் 'ரெகவரி' பக்கத்தில், விழுந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அமைக்கலாம். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ரீஸ்டார்ட் ஆகட்டும். மூன்றாவது தடவை எழுப்ப வேண்டாம், உங்களுக்குச் செய்தி அனுப்பும் நிரலை ஓடவிடுங்கள். கேட்காமல் ஒவ்வொரு முறையும் எழுப்பிக்கொண்டே இருந்தால், யாரோ ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல் போய்விடும். விழுந்து எழுந்த கணக்கு 7031 என்ற ஈவென்ட்டில் இருக்கும், விழுந்தே கிடந்தது 7034-இல். வாரம் ஒருமுறை இரண்டையும் வடிகட்டிப் பாருங்கள்.

பேட்ச்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஐந்தாம் அத்தியாயத்தில் விரிவாக வந்தது. தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவிப்புக்கும் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அறிவிப்புகளுக்கும் பெயர் கொடுத்து வையுங்கள். பேக்கப் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை, கடவுச்சொல் தேவைப்படாத சேவை மறுப்பு என்று எழுதியிருந்தால் 9.8 என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் தலைமை சர்வர், பிறகு ஏஜென்ட்கள். மாற்றிச் செய்தால் பழைய சர்வருக்குப் புதிய ஏஜென்ட்டின் பேச்சு புரியாமல் போக வாய்ப்புண்டு. மற்ற தீவுகளில் உள்ள கிளைகளுக்கு நிறுவல் கோப்பை ராத்திரியில் இறக்கச் சொல்லுங்கள், அல்லது போர்ட் பிளேரில் இறக்கிச் சரிபார்த்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பு என்றால் பேட்ச் வரவே வராது. மாற்றும் வரை ஃபயர்வால்தான் அதற்கு ஒரே வேலி.

விழுந்த அன்று

கை நேராக ரீஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். ஐந்து நிமிடம் பொறுங்கள். நேரத்தைப் பேப்பரில் எழுதுங்கள். ஈவென்ட் லாக்கை வேறு டிஸ்க்குக்குச் சேமியுங்கள். கிராஷ் டம்ப் கோப்பு உருவாகியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் எந்தெந்த முகவரிகள் இணைந்திருந்தன என்று நெட்ஸ்டாட் பட்டியலும் ஃபயர்வால் லாக்கும் வேண்டும். ரீஸ்டார்ட் ஆன பிறகு இவற்றில் பாதி கிடைக்காது.

அடுத்து, பேக்கப் சாஃப்ட்வேரை நம்பாமல் மிக முக்கியமான டேட்டாபேஸை அதன் சொந்தக் கருவியாலேயே யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுங்கள். லாக் கோப்பு இருக்கும் டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பழைய நகல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட்டை நிறுத்தி வையுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தால், அதுவும் ஒரே இடைவெளியில் விழுந்தால், யாரோ அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும் ஒரு கணினியாக இருக்கும். அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், ஆனால் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பேக்கப்பை முடக்குவது ரான்சம்வேர்க்காரர்களின் முதல் வேலைகளில் ஒன்று என்பதால், மற்ற சர்வர்களையும் அன்றே சோதியுங்கள்.

தாக்குதல் என்று தெரிந்தால் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு அது, சேவை மறுப்புத் தாக்குதலும் அதன் பட்டியலில் உண்டு. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெரிந்த அளவுக்கு முதல் தகவலை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம்.

சேவை எழுந்து, ராத்திரி பேக்கப்பும் ஓடி, காலையில் பதிவேட்டின் கட்டமும் நிரம்பியாகிவிட்டதா? இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்தப் பேக்கப்பை ஒரு தனிக் கணினியில் ரீஸ்டோர் செய்து, முந்தைய நாளின் கடைசி ரசீது எண் என்ன என்று பாருங்கள். கவுண்டரில் இருப்பவரிடம் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி, ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு, மேட்டில் இருக்கும் கட்டடத்தின் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.